நாவுக்கடியில் ஒரு குறுக்குவழி

கண்ணாடி முன் நின்று, நாக்கை மேலே தூக்கிப் பாருங்கள். அதன் அடிப்புறத்தில் நீலநிறச் சிரைகள் ஓடுவது தெரிகிறதல்லவா? அவற்றை மூடியிருக்கும் சவ்வு அவ்வளவு மெல்லியது. கடும் வலியில் துடிக்கும் புற்றுநோயாளி ஒருவருக்கு இந்தச் சிறிய இடம் பெரிய உதவி செய்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

புற்றுநோயாளிகள் பலருக்கு நாள் முழுதும் வலி இருக்கும். அதனை அடக்க மார்ஃபின் போன்ற அபினி வகை மருந்துகளை வேளை தவறாமல் கொடுக்கிறார்கள். ஆயினும் சில நேரங்களில் அம்மருந்தையும் மீறிக்கொண்டு கடும் வலி திடீரென எழும். இருமினாலும் வரும்; படுக்கையில் புரண்டாலும் வரும்; காரணமின்றியும் வரும். சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும்.

அந்நேரம் ஒரு மார்ஃபின் மாத்திரையை விழுங்கினால் என்ன ஆகும்? அது இரைப்பையைக் கடந்து, சிறுகுடலில் குருதியுடன் கலக்க வேண்டும். குடலிலிருந்து புறப்படும் குருதி நேரே இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியே முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் மருந்தின் பெரும்பகுதியை மாற்றிவிடுகிறது. எஞ்சியது மூளையை அடைந்து வலியைக் குறைக்கத் தொடங்க ஏறக்குறைய அரை மணி ஆகிறது. வீடு எரிந்து முடிந்தபின் தண்ணீர் வந்து என்ன பயன்?

நாவுக்கடியில் உள்ள சிரைகளின் குருதியோ, கழுத்துச் சிரை வழியே நேராக இதயத்தை அடைகிறது. வழியில் கல்லீரல் இல்லை. ஆனால் மருந்து அந்தச் சவ்வைக் கடந்தாக வேண்டும். இங்கேதான் இயற்பியல் வருகிறது.

ஒரு பொருள் செறிவு மிகுந்த இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்துக்குத் தானே பரவுவதை விரவல் என்கிறோம். இதற்கான விதியை 1855ஆம் ஆண்டில் அடால்ஃப் ஃபிக் என்னும் ஜெர்மானியர் வகுத்தார். அதன்படி, விரவலுக்கு ஆகும் நேரம் தடிமனின் இருமடியைப் பொறுத்தது. சவ்வின் தடிமன் பாதியானால் நேரம் கால் பங்காகிவிடும். நாவடிச் சவ்வின் தடிமன் சுமார் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான்.

மெல்லிய சவ்வு மட்டும் போதாது. செல்களின் உறை கொழுப்பால் ஆனது. எனவே கொழுப்பில் நன்கு கரையும் மூலக்கூறே அதனை எளிதில் கடக்கும். மார்ஃபின் அவ்வகையில் மந்தமானது. 1960ஆம் ஆண்டில் பெல்ஜியத்தில் பால் ஜான்சென் உருவாக்கிய ஃபெண்டனில் அப்படியன்று. நீரும் ஆக்டனாலும் சேர்ந்த கலவையில் அதனை இட்டால், நீரில் 1 பங்கு தங்கும்போது எண்ணெய் போன்ற ஆக்டனாலில் சுமார் 800 பங்கு சேர்கிறது!

மேலும், எடைக்கு எடை அது மார்ஃபினைப்போல் ஏறத்தாழ 100 மடங்கு வலிமையுடையது. தொடக்க அளவு 100 மைக்ரோகிராம். 20 மில்லிகிராம் எடையுள்ள ஓர் அரிசிமணியளவு மருந்து 200 வேளைக்கு வரும். சிறிது மருந்து கடந்தாலே போதும் என்பதால், 10 அல்லது 15 நிமிடங்களில் வலி தணியத் தொடங்குகிறது. ஆனால் மாத்திரையைக் கடிக்கவோ விழுங்கவோ கூடாது. விழுங்கினால் அது மீண்டும் கல்லீரல் வழியே போக நேரும்.

இந்த வேகமே ஆபத்தும் ஆகும். அளவு மீறினால் ஃபெண்டனில் மூச்சையே நிறுத்திவிடும். எனவே அபினி வகை மருந்தை நாள்தோறும் உட்கொண்டு உடல் பழகிய நோயாளிகளுக்கு மட்டுமே, மருத்துவரின் கண்காணிப்பில் இதனைத் தருகிறார்கள். பிறருக்கு, அதுவும் குழந்தைகளுக்கு, ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கலாம். ஆகவே வீட்டில் பூட்டி வைக்க வேண்டிய மருந்து இது.

நோயைத் தீர்க்கும் மருந்தன்று இது. ஆனால் வலியின் அரை மணி நேரத்தில் பாதியையாவது ஒருவருக்கு மிச்சப்படுத்துகிறது. துன்பப்படுபவருக்கு அந்தக் கால் மணி நேரம் சிறியதா, சொல்லுங்கள்?