மண்சுவரில் சேமித்த வெயில்

மாரி மழை ஓய்ந்து பனிக்காலம் தொடங்கும்போதுதான் எமது மரக்கறித் தோட்டங்கள் செழிக்கின்றன. ஆனால் அதே மார்கழி, தை மாதங்களில் நிலமே உறைந்து கல்லாகிவிடும் இடங்களும் உண்டு. அத்தகைய ஓரிடத்தில் சாதாரண கமக்காரக் குடும்பங்கள் விறகோ மின்சாரமோ இன்றிப் பச்சைக் கீரை பறிக்கின்றன. அது எப்படி என்பதை அறிவது எமக்கும் பயன் தரும்.

இந்தியாவின் வடகோடியில், உயர்ந்த மலைத்தொடர்களுக்கு நடுவே இருப்பது லடாக். அதன் முக்கிய நகரமான லே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,500 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீற்றர் மட்டுமே. குளிர்கால இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகை செல்சியசுக்கும் இறங்குவதுண்டு. மலைக்கணவாய்களைப் பனி மூடினால் லொறிகள் வருவதில்லை. முன்னர் மக்கள் குழிகளில் புதைத்து வைத்த உருளைக்கிழங்கையும் கரட்டையும், காயவைத்த இலைகளையும் கொண்டே குளிர்காலத்தைக் கடத்தினார்கள். விமானத்தில் வந்த மரக்கறி ஏழைகளின் கைக்கு எட்டவில்லை.

இல்லாதவை இத்தனை இருந்தும், அங்கே தாராளமாக இருந்த ஒன்று வெயில். ஆண்டில் 300 நாட்களுக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும். பகல் வெயிலைப் பிடித்து இரவுக்கு வைத்திருக்க ஒரு வழிதான் தேவைப்பட்டது.

சுவரே அடுப்பு

அந்த வழிதான் அங்குள்ள பச்சைவீடு. வீட்டுத் தேவைக்கானது ஏறக்குறைய 32 அடி நீளமும் 16 அடி அகலமும் கொண்டது. அதன் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக அமையும். வடக்கு, கிழக்கு, மேற்கு ஆகிய மூன்று பக்கங்களிலும் மண்கல்லினால் தடித்த சுவர் எழுப்புவார்கள். சுவரை இரட்டையாகக் கட்டி, இடைவெளியில் வைக்கோலை அடைவதால் உள்ளே சேரும் சூடு வெளியேறுவது குறைகிறது. தெற்குப் பக்கத்தைச் சரிவாகப் பொலித்தீனால் மூடுவார்கள். குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்வாகச் செல்வதால் ஒளி நேராக உள்ளே விழும்.

பகலில் மண்ணும் சுவரும் வெயிலைக் குடித்து மெல்லச் சூடாகின்றன. வடசுவரின் உட்புறத்துக்குக் கறுப்பு நிறம் பூசினால் இன்னும் கூடுதலாகச் சூடேறும். இரவில் அச்சுவர் அந்தச் சூட்டைச் சிறிது சிறிதாக உள்ளே விடும். மாலையில் பொலித்தீனுக்குக் கீழே துணித்திரையை இழுத்து விடுவதும் உண்டு. இவ்விதம் கீரைவகை, கொத்தமல்லி, சலாது ஆகியவை குளிர்காலத்திலும் உயிர்வாழ்கின்றன. பனி உருகும்போது நாற்றுகளும் ஆயத்தமாக இருக்கும்.

இதற்கும் வசதியில்லாதவர்கள் மூன்றடி ஆழத்தில் குழி வெட்டி, மேலே தடிகளைப் பரப்பிப் பொலித்தீனால் மூடுகிறார்கள். அங்கே நிலமே சுவராகிவிடுகிறது.

கவனிப்பு இன்றேல் இதுவும் வீண். உச்சி வெயிலில் காற்றுத் துவாரத்தைத் திறக்காவிட்டால் புழுக்கத்தில் நோய் பரவும். உறைநிலைத் தண்ணீரை நேரே ஊற்றினால் வேர் தாங்காது. அதைப் பாத்திரத்தில் உள்ளே வைத்து, குளிர் தணிந்த பின், காலையில் ஊற்ற வேண்டும்.

கொடுத்ததும் போட்டதும்

ஜெரெஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனம் உள்ளூர் அமைப்புகளுடன் சேர்ந்து இவ்வேலையைப் பரப்பியது. 2009 இல் இதற்கு ஆஷ்டன் விருது கிடைத்தது. பொலித்தீன் போன்ற, ஊரில் கிடைக்காத பொருட்களுக்கு உதவி வழங்கப்பட்டது. மண்கல், தடி, வைக்கோல், உழைப்பு ஆகியவற்றைக் குடும்பங்களே போட்டன. பராமரிப்பில் பெரும்பங்கு பெண்களுடையது. மிஞ்சியதை விற்ற பணமும் அயலவருக்குக் கொடுத்த கீரையும் ஊருக்குள்ளேயே சுற்றின. சுவரைக் கட்டியவர்களுக்கே அதன் வெடிப்பை மெழுகவும் தெரியும்.

எமக்கு என்ன?

இந்தக் கூடத்தை அப்படியே வன்னியிலோ யாழ்ப்பாணத்திலோ கட்டினால் பயிர் வெந்துபோகும். எமக்குத் தேவை சூட்டைச் சேமிப்பது அல்ல. கடும் வெயிலையும் அடைமழையையும் பூச்சியையும் தடுப்பதே எமது தேவை. ஆகவே எமது காப்புக்கூடத்தின் பக்கங்கள் வலையாக, காற்றோட்டமாக இருக்க வேண்டும். யாராவது திட்டத்துடன் வந்தால், "இது எந்தக் காலநிலைக்குச் செய்தது? கிழிந்தால் எதைக் கொண்டு திருத்துவது?" என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. லடாக் மக்கள் அச்சுவர்களைத் தம் சொந்தக் காணியில் எழுப்பினார்கள். நாளை எழும்பச் சொல்லக்கூடிய காணியில் எவரும் தடித்த சுவர் கட்டமாட்டார்கள். காணி திரும்பக் கிடைக்காதிருக்கும் குடும்பத்தைப் பார்த்து, "ஏன் நிலையான பயிர் வைக்கவில்லை?" என்று கேட்பது நியாயமில்லை. அதுவரை காவிச் செல்லக்கூடியவற்றைச் செய்யலாம். சாக்கில் கத்தரியும் மிளகாயும் வைக்கலாம். சட்டியில் நாற்றுப் போடலாம். கழற்றிச் சுருட்டக்கூடிய வலைப்பந்தல் போடலாம். காணி உறுதி கைக்கு வந்த நாளில் நிலையான பந்தலுக்குக் கால் நடலாம்.