‘நீ என்ன சோத்தோங்கா?’ கணவாய்க்கு எப்படி வந்தது இந்தக் கெட்ட பெயர்?

சிங்கப்பூர் உணவங்காடியில் ‘சோத்தோங்’ என்று கேட்டால், காரமான சம்பாலில் புரட்டிய கணவாய் தட்டில் வரும். அதே ஊரில் ஆபீஸ் மீட்டிங்கில் யாராவது உங்களைப் பார்த்து ‘சோத்தோங்’ என்றால், சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ‘என்னப்பா, ஒண்ணுமே புரியாம முழிக்கிற?’ என்று அர்த்தம்!

சோத்தோங் ஒரு மலாய்ச் சொல். தமிழக மீனவர்கள் ஊசிக் கணவாய், ஓட்டுக் கணவாய் என்று பிரித்துச் சொல்வதையெல்லாம் மலேசியா, சிங்கப்பூரில் பொதுவாக இந்த ஒரே பெயரில் அழைக்கிறார்கள். பேய்க் கணவாய்க்குக்கூட ‘சோத்தோங் குரித்தா’ என்றுதான் பெயர்.

சரி, முழிக்கிற ஆளுக்கும் கணவாய்க்கும் என்ன தொடர்பு?

சிங்கப்பூரின் பேச்சு ஆங்கிலமான சிங்கிலீஷில் ‘ப்ளர் லைக் சோத்தோங்’ ரொம்பப் பிரபலம். அங்கே ‘ப்ளர்’ என்றால் சுற்றி நடப்பது எதுவும் தெரியாத ஆள். ஆபத்து வந்தால் கணவாய் மையைப் பீய்ச்சித் தண்ணீரைக் கலக்கிவிடும். அந்தக் கலங்கலில் இருந்துதான் இந்த உவமை வந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி சேர்த்துக்கொண்ட சிங்கப்பூர்ச் சொற்களில் சோத்தோங்கும் ஒன்று.

ஆனால், யோசித்துப் பார்த்தால் கணவாய்க்கு இது அநியாயம். மை அதன் தப்பிக்கும் தந்திரம். கலங்கிய தண்ணீரில் குழம்பி நிற்பது துரத்தி வந்த மீன்தானே! புத்தியிலும் அது சளைத்ததில்லை. 2021இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், உடனே கிடைக்கும் சுமாரான இரையை விட்டுவிட்டு, ரொம்பப் பிடித்த இரைக்காக ஓட்டுக் கணவாய்கள் 130 விநாடிகள் வரை காத்திருந்தன. பிரியாணி வரும்வரை சமோசாவைத் தொடாமல் இருக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? (மலாய் மொழி இறாலையும் விடவில்லை. மந்தமான ஆளுக்கு அங்கே ‘ஓத்தாக் ஊடாங்’, அதாவது இறால் மூளை என்று பெயர்.)

சிரிக்க முடியாத அர்த்தம்

மலேசியாவில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு. நடையிலோ பேச்சிலோ பெண்மை தெரிகிற ஆண்களை ‘சோத்தோங்’ என்று கேலி செய்வார்கள். இவர்களைக் குறிக்க மலாயில் ‘லெம்புட்’, அதாவது மென்மையானவர் என்ற சொல்லும் உண்டு. எலும்பில்லாமல் வளைகிற கணவாய் இந்தக் கேலிக்கு வசதியாக அமைந்துவிட்டது. பள்ளிக்கூடப் பையன்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். நம் ஊர் வகுப்பறைகளிலும் இதே கேலிக்கு வேறு சொற்கள் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இந்தப் பார்வை கேலியோடு நிற்பதில்லை என்பதுதான் பிரச்சினை. 2011 ஏப்ரலில் திரெங்கானு மாநிலக் கல்வித் துறை, ‘பெண் தன்மை’ உள்ளவர்கள் என்று பள்ளிகள் அடையாளம் காட்டிய 66 மாணவர்களை பெசுட் பகுதியில் நடந்த நான்கு நாள் முகாமுக்கு அனுப்பியது. அவர்களை ‘சரியான பாதைக்கு’ கொண்டுவருவதற்காகவாம்! எல்லோரும் 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்கள். பெண்கள் அமைப்புகளும் உரிமைக் குழுக்களும் கொதித்தெழுந்தன. அப்போதைய மகளிர் நலத்துறை அமைச்சர் ஷாரிஸாட் அப்துல் ஜலீலே, இது அந்தச் சிறுவர்களின் மனதைப் பாதிக்கும், குழந்தைகள் சட்டத்துக்கு எதிரானது, முகாமை மூட வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார்.