கொரிய நாட்டில் இலங்கைத் தொழிலாளர்

கொழும்பு நகரின் வடகிழக்கு ஓரத்திலே, பேஸ்லைன் வீதியும் அவிசாவளை வீதியும் சந்திக்கும் இடம் ஒருகொடவத்தை. துறைமுகத்திலிருந்து வரும் கொள்கலன் லொறிகளின் இரைச்சல் அங்கே ஓய்வதில்லை. அவ்விடத்தில் உள்ள தொழிற்பயிற்சி நிறுவனம் ஒன்றன் பெயரிலே இலங்கையும் கொரியாவும் அருகருகே நிற்கின்றன. கொரிய அரசாங்கத்தின் உதவியைப் பெற்று எழுந்த நிறுவனம் அது. எனவே, கொட்டாஞ்சேனையிலோ தெமட்டகொடையிலோ வாழும் ஓர் இளைஞனுக்குக் கொரியா என்பது தொலைக்காட்சி நாடகத்தில் மட்டும் காணும் நாடன்று. ஒரு பஸ் பயணத்தில் எட்டக்கூடிய நம்பிக்கை அது.

வெளிநாட்டுத் தொழிலாளரை அரசு வழியாகவே வேலைக்கு எடுக்கும் சட்டத்தைத் தென் கொரியா 2003ஆம் ஆண்டில் இயற்றி, 2004 ஆகஸ்டில் நடைமுறைக்குக் கொணர்ந்தது. தொடக்கத்திலேயே உடன்படிக்கை செய்துகொண்ட ஆறு நாடுகளுள் இலங்கையும் ஒன்று. முகவரை நாடிச் செல்லும் மத்திய கிழக்கு வழிக்கும் இதற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. இங்கே வாயிலில் நிற்பது மொழி. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் வாயிலாக விண்ணப்பிப்போர் வாசித்தலில் இருபது, கேட்டலில் இருபது என நாற்பது வினாக்கள் கொண்ட கொரிய மொழிப் பரீட்சையில் தேறுதல் வேண்டும். அதன் பின்னரே தொழிற்சாலை, பண்ணை, மீன்பிடி, கட்டட வேலை என்பனவற்றுள் ஒன்று கிட்டும். சட்டம் விதிக்கும் குறைந்த கூலி 2025ஆம் ஆண்டில் மணிக்கு 10,030 வொன். அது கொரியருக்கும் அந்நியருக்கும் ஒன்றே.

எழுத்தைக் கற்பது எளிது. செஜோங் என்னும் மன்னர் 1443இல் ஆக்கி, 1446இல் மக்களுக்கு வழங்கிய எழுத்து அது. அடிப்படை மெய் பதினான்கு, உயிர் பத்து. மெய்யையும் உயிரையும் ஒரே கட்டத்துள் அடுக்கி எழுதும் முறை, உயிர்மெய்யை அறிந்த தமிழனுக்குப் புதிதன்று. ககரம் ‘கடல்’ என்பதில் வலிந்தும் ‘மகன்’ என்பதில் மெலிந்தும் ஒலிப்பதை இயல்பாகக் கொண்ட அவனுக்குக் கொரிய வல்லினம் சொல்லிடையில் மெலிவதும் வியப்பளிக்காது. இடர் வேறிடத்தில் வருகிறது. கொரிய வல்லினம் சொல் முதலில் இயல்பாகவும், மூச்சோடும், இறுக்கியும் என மூவகையாக ஒலிக்கும். தமிழில் எழுதினால் ‘புல்’ என்றே அமையும் மூன்று கொரியச் சொற்கள் உள்ளன. ஒன்றுக்குத் தீ என்பது பொருள், மற்றொன்றுக்குக் கொம்பு, எஞ்சிய ஒன்றுக்கு, விந்தையாக, புல் என்பதே பொருள். தொழிற்சாலையில் ஒருவன் ‘தீ’ என்று கூவும்போது புல்லை எண்ணி நிற்பவனின் நிலை நகைப்புக்குரியதன்று.

இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டு மயங்குவோரும் உளர். தந்தையைக் கொரியக் குழந்தை ‘அப்பா’ என்றே அழைக்கிறது. தாயைக் குறிக்கும் சொல்லும் அம்மாவுக்கு அண்மையது. ‘நான் பள்ளிக்குப் போகிறேன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல், உருபுக்கு உருபு, அதே வரிசையில் கொரியத்தில் சொல்லலாம். ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கப் பாதிரியார் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905ஆம் ஆண்டில் ஓர் இலக்கண நூலே எழுதினார். மொழிநூலார் அவ்வுறவை ஏற்றுக்கொள்ளவில்லை. வினைமுற்று இறுதியில் நிற்பது சிங்களத்துக்கும் யப்பானியத்துக்குங்கூடப் பொதுவானதே. உறவு இல்லாவிடினும் கற்பவனுக்குப் பயன் உண்டு, அது போதும்.

கொரிய வாழ்வின் உள்ளே நுழைய விரும்புவோன் உண்மையில் திணறுமிடம் மரியாதைச் சொல். ‘நீ’, ‘நீங்கள்’ என்றும், ‘வா’, ‘வாருங்கள்’ என்றும் வேறுபடுத்திப் பேசும் தமிழனுக்கு அதில் என்ன தடை என்று தோன்றலாம். ஆனால், ‘மழை பெய்கிறது’ என்பதைப் பாட்டனாருக்கும் தம்பிக்கும் யாழ்ப்பாணத்தானும் கொழும்பானும் ஒரே விதமாகவே சொல்வர். கொரியன் அவ்வாறு சொல்ல இயலாது. தம்பிக்கு ‘பி வா’ என்பான். மூத்தவருக்கும் அறிமுகமில்லாதவருக்கும் ‘பி வாயோ’ என்பான். சபையிலோ செய்தியறிக்கையிலோ ‘பிகா ஓம்னிதா’ என்பான். கொங்கு நாட்டார் எச்சொல்லின் பின்னும் ‘ங்க’ சேர்ப்பது இதற்கு ஓரளவு ஒப்பாகும். கேட்பவர் தனக்கு மேலா கீழா என்று தெளியாமல், வானிலையைப் பற்றியும் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது என்பதே இதன் கருத்து.

பரீட்சைப் புத்தகம் கற்பிப்பது பணிவான முடிபுகளையே. தொழிற்சாலையில் காதில் விழுவதோ வேறு. அங்கே மேலாளர் பேசுவது ‘பன்மல்’. பாதிப் பேச்சு என்பது அதன் நேர்ப்பொருள். ‘எடு’, ‘வை’, ‘சீக்கிரம்’ என்னும் ஏவல்கள் நாள் முழுதும் அவ்வடிவிலேயே வருகின்றன. ‘சீக்கிரம்’ என்பதற்கான ‘பல்லி பல்லி’ என்னும் அடுக்கு அந்நியத் தொழிலாளி முதலில் மறவாது பழகும் சொற்களுள் ஒன்று. கேட்டதையே திருப்பிப் பேசிப் பழகியவன் ஒருநாள் முதலாளியின் தாயாரிடமும் அவ்வாறே பேசிவிடுகிறான். அவனுக்குக் கொரியம் தெரியாது என்று எவரும் எண்ணுவதில்லை. மரியாதை தெரியாதவன் என்றே கொள்கின்றனர். வயதில் மூத்த அந்நியனையும் இளைய கொரியன் பாதிப் பேச்சில் ஏவுவது தகாது என்று கொரியரே பலர் கண்டித்துள்ளனர். ஆயினும் வழக்கம் மறையவில்லை.

பாதிப் பேச்சு எப்போதும் இழிவன்று என்பதையும் சொல்லுதல் வேண்டும். தமிழில் ‘டா’ என்பது நண்பன் வாயிலும் அயலான் வாயிலும் ஒன்றாகுமா? கொரியத் தோழன் ஒருவன், ‘என்னை ஹியொங் என்று கூப்பிடு’ என்று சொல்லும் நாள் ஒன்று வரும். ஹியொங் என்றால் ஆண்மகன் அழைக்கும் அண்ணன். அன்றிலிருந்து அதே பாதிப் பேச்சு உறவின் மொழியாகிவிடுகிறது. முதலாளி ‘சஜங்நிம்’, குழுத் தலைவர் ‘பன்ஜங்நிம்’. இறுதியில் வரும் ‘நிம்’ நம் ‘ஐயா’ போன்றது. உணவுக் கடையில் பரிமாறும் அம்மையாரை ‘இமோ’ என்பர். அது தாயின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் சொல். முன்பின் அறியாத பெண்மணியை ‘அக்கா’ என்றும் ‘மாமி’ என்றும் அழைத்துப் பழகிய கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு இதனை எவரும் விளக்கவேண்டியதில்லை.

வயது அறியாமல் இவ்வழைப்பு எதுவும் நடவாது. ஆதலின் முதற் சந்திப்பிலேயே வயதை வினவுவது அங்கே குற்றமன்று. பிறந்தவுடன் ஒன்று, பின்னர் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று என்று எண்ணுவது பழைய கொரிய வழக்கு. 2023 ஜூன் மாதத்தில் சட்டம் உலகக் கணக்குக்கு மாறியது. சாதகத்தில் ‘நடப்பு வயது’ எழுதும் வழக்கத்தை அறிந்தவர் இரண்டையும் எளிதில் புரிந்துகொள்வர்.

உண்ணுமிடத்தில் மூத்தவர் கரண்டி எடுத்த பின்னரே இளையோர் எடுப்பர். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்குவது நாகரிகமன்று. மூத்தவர் வார்க்கும் மதுவை இரு கையாலும் ஏந்தி, முகத்தைச் சற்றே திருப்பிப் பருகுவர். வேலை முடிந்தபின் குழுவாகச் சென்று உண்ணும் விருந்து, ஏறக்குறைய வேலையின் ஒரு பகுதியே. அவ்விருந்தில் பெரும்பாலும் பன்றியிறைச்சியே வாட்டப்படும். முஸ்லிமுக்கும், வெள்ளிக்கிழமை மரக்கறி உண்ணும் சைவனுக்கும் அங்கே சங்கடந்தான். ‘கிம்சி’ என்னும் ஊறிய கோவாவில் மிளகாய் தாராளமாக இருப்பது கண்டு மகிழ்ந்தவன், மீன் சாறோ உப்பிட்ட இறாலோ அதில் கலந்திருப்பதைப் பின்னரே அறிகிறான். இத்தனை வேறுபாட்டுக்கிடையிலும், ‘சோறு தின்றாயா?’ என்பதே கொரியர் நலம் விசாரிக்கும் முறை. ஊரில் தாய் கேட்கும் கேள்வியும் அதுவன்றோ!

எட்டாம் சந்திர மாதத்துப் பௌர்ணமியில் வரும் ‘சூசொக்’ திருநாளில் கொரியர் புத்தரிசிப் பண்டம் படைத்து முன்னோரை வணங்கத் தத்தம் ஊர்களுக்குப் போய்விடுவர். தொழிற்சாலை விடுதியில் எஞ்சுவோர் அந்நியர் மட்டுமே. அவர்களுட் பலர் சியோலுக்குத் தெற்கேயுள்ள அன்சான் நகருக்குச் சென்று, நம் நாட்டு உணவுக் கடைகளில் கூடுவர். கொரியா செல்லும் இலங்கையருட் பெரும்பான்மையோர் சிங்களவர். எனவே, வார நாட்களில் கொரியம் பேசித் தவித்த தமிழ் இளைஞன், விடுமுறையில் வாய் நிறையப் பேசுவது பெரும்பாலும் சிங்களமே. கொழும்பில் வளர்ந்தவனுக்கு அதுவும் ஊர் மொழிதான்.

இவ்வாறு பழகிப் பழகி, குளிரும் உணவும் பேச்சும் தனதாகும் வேளையில், சட்டம் குறுக்கே நிற்கிறது. தொழிலாளியின் விசா மூன்று ஆண்டுக்கு உரியது. முதலாளி விரும்பினால் மேலும் ஓர் ஆண்டும் பத்து மாதமும் நீட்டலாம். ஆக நான்கு ஆண்டு பத்து மாதம். நிரந்தர வதிவுரிமைக்கும் குடியுரிமைக்கும் பொதுவாக வேண்டப்படுவது ஐந்து ஆண்டுத் தொடர் வதிவு. இரண்டு மாதத்தால் தவறும்படி அமைந்த இக்கணக்கு தற்செயலானது என்று நம்புவது கடினம். ஒரே முதலாளியிடம் இறுதிவரை உழைத்தவன், இடையில் நாடு திரும்பிச் சென்று, இன்னும் ஒருமுறை அத்தனை காலம் வேலை செய்யலாம். ஆனால் இடைவெளியால் வதிவுக் கணக்கு முறிகிறது. மனைவி மக்களை அழைத்துச் செல்ல இவ்விசா இடந்தராது. சட்டம் ஏற்கும் காரணமின்றித் தொழிலிடம் மாறவும் இயலாது. இக்கட்டுப்பாடு செல்லும் என்று கொரிய அரசியலமைப்பு நீதிமன்றமும் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

மாற இயலாமையின் பொருள் என்ன என்பதை 2025 ஜூலையில் வெளிவந்த ஒரு படக்காட்சி உலகுக்குக் காட்டியது. தென் ஜொல்லா மாகாணத்து நாஜு நகரில், இலங்கைத் தொழிலாளி ஒருவரைச் செங்கற் கட்டோடு பிளாஸ்டிக் தாளால் சுற்றிப் பிணைத்து, சுமைதூக்கி இயந்திரத்தால் உயர்த்தி நகைத்தனர். ஜனாதிபதி லீ ஜே மியோங் அதனை வெளிப்படையாகக் கண்டித்தார். இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. 2017ஆம் ஆண்டில், விசாக் காலம் கடந்து தங்கியிருந்த மற்றொரு இலங்கையர், வட கியொங்சாங் மாகாணத்தில் தீப்பற்றிய வீட்டினுள் பாய்ந்து ஒரு மூதாட்டியைக் காப்பாற்றித் தாம் தீப்புண் பட்டார். அடுத்த ஆண்டு கொரியா அவருக்கு நிரந்தர வதிவுரிமை வழங்கியது.

தீயில் குதிக்காதவருக்கு எஞ்சியிருப்பது தேர்ச்சி பெற்ற தொழிலாளருக்குரிய விசா. நான்கு ஆண்டு உழைத்தவர் வருமானம், வயது, மொழித் தேர்ச்சி முதலியவற்றுக்குப் புள்ளி பெற்று அதற்கு மாறலாம். மாறினால் குடும்பத்தையும் அழைக்கலாம். 2023ஆம் ஆண்டில் அதற்குரிய எண்ணிக்கையைக் கொரிய அரசு 35,000 ஆக உயர்த்தியது. அதற்கடுத்த ஆண்டிலேயே, தொழிலாளருக்கு ஞாயிறுதோறும் மொழி கற்பித்துவந்த அந்நியத் தொழிலாளர் உதவி நிலையங்களுக்கான தேசிய நிதியை வரவு செலவுத் திட்டத்திலிருந்து நீக்கியது. பின்னர் சில ஊர்களில் உள்ளூராட்சி அமைப்புகளின் துணையோடு வகுப்புகள் மீண்டும் தொடங்கின. வாரம் முழுதும் பாதிப் பேச்சைக் கேட்டவர்கள், தமக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளில் அங்கே வந்தமர்ந்து, முழுப் பேச்சைப் பயில்கின்றனர்.