அம்மா அடிச்சு முடிக்கும்வரை பொறுங்கோ

இந்தக் கிழமை பொட்காஸ்டில் ஃபோர்ம் எரர்களைப் பற்றிக் கதைச்சோம். நேரம் போதாமல் விட்டதை இங்கே எழுதுறன்.

போன மாதம் கிரான்பர்னில், எங்கட குசினி மேசையில் இருந்து அம்மா ஒரு ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பினா. மொபைல் நம்பருக்கு முதல் பூச்சியத்தை அடிச்ச உடனேயே, "நம்பர் பிழை" என்று சிவப்பில் வந்திட்டுது. "என்ர நம்பர்தானே, ஏன் பிழை எண்டுது?" அவ்வளவுதான், கையை எடுத்திட்டா. மிச்சம் ஒன்பது இலக்கத்தையும் அடிச்சிருந்தால் சிவப்பு தானாகவே போயிருக்கும். அது அவவுக்கு எப்படித் தெரியும்? நான் வேலையால வந்து பார்க்க, செஷன் முடிஞ்சு நிரப்பினது எல்லாம் அழிஞ்சு கிடந்தது.

உடனே சொல்லுறது பிழையில்லை. 2009இல் லூக் ரோப்லெவ்ஸ்கி 22 பேரை வைச்சு ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் ஃபோர்மைச் சோதிச்சார். சப்மிட் அமத்தின பிறகு மட்டும் பிழை சொல்லுற ஃபோர்மோட ஒப்பிட்டால், இடையிலேயே சொன்னதில் பிழைகள் 22 சதவீதம் குறைஞ்சுது, நேரம் 42 சதவீதம் குறைஞ்சுது. ஆனால் அடிச்சு முடிக்க முதலே எரர் காட்டினது ஆக்களுக்கு எரிச்சலைத்தான் குடுத்துது.

கோடில் வித்தியாசம் சின்னன். 'இன்புட்' ஈவென்ட் ஒவ்வொரு எழுத்துக்கும் வரும். 'ப்ளர்' அந்தப் பெட்டியை விட்டு வெளியேறும்போது வரும். முதல் தடவை ப்ளரில் சோதியுங்கோ. எரர் காட்டின பிறகு இன்புட்டுக்கு மாறுங்கோ, அப்பதான் திருத்தின அந்த நொடியே சிவப்பு போகும். சிஎஸ்எஸ்ஸிலும் இதே கதைதான்: 'இன்வேலிட்' என்று எழுதினால் கட்டாயப் பெட்டிகள் பக்கம் திறக்கும்போதே சிவந்து நிற்கும். 'யூசர்-இன்வேலிட்' ஆள் தொடும்வரை பொறுக்கும்.

என்னைப் போல கொன்ட்ராக்ட் வேலை செய்யிறவைக்கு ஏபிஎன் நல்ல உதாரணம். 11 இலக்கம். முதல் இலக்கத்தில் ஒன்றைக் கழிச்சு, ஒவ்வொன்றையும் அதுக்குரிய எடையால் பெருக்கிக் கூட்டினால், 89ஆல் மீதியில்லாமல் பிரிபட வேணும். ஒரு இலக்கம் மாறினாலும் பிறவுசரே பிடிச்சிடும், சேர்வரிட்டப் போகத் தேவையில்லை. ஆனால் அந்த ஏபிஎன் இப்பவும் நடைமுறையில் இருக்கா என்று பிறவுசருக்குத் தெரியாது. அதைச் சேர்வர்தான் ஏபிஎன் லுக்கப்பில் கேட்க வேணும். பதில் வரும்வரை "பார்க்கிறம்" என்று காட்டுங்கோ, சிவப்பு வேண்டாம்.

நீங்கள் கட்டின ஃபோர்ம் ஒன்றைத் திறந்து, மொபைல் பெட்டியில் ஒரு பூச்சியம் மட்டும் அடிச்சிட்டு நிப்பாட்டுங்கோ. என்ன வருது என்று ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்புங்கோ, அடுத்த எபிசோடில் பார்ப்பம்.