ஜடாயுவை நினைத்த பெரிய நம்பி

திருச்சியில் இருந்து துறையூர் போகும் வழியில், வெள்ளைப் பாறைக் குன்றின் மேல் கோயில் கொண்ட ஊர் திருவெள்ளறை. வைணவ ஆசாரியர் உய்யக்கொண்டார் பிறந்த ஊர். அவருடைய சீடர் மணக்கால் நம்பி. மணக்கால் நம்பியின் சீடர், ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஆளவந்தார். ஆளவந்தாரின் சீடர்கள் இருவரைப் பற்றி, குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை தெரியுமா குட்டீஸ்?

ஒருவர் பெரிய நம்பி; அந்தணர். இன்னொருவர் மாறனேரி நம்பி. தாழ்ந்த குலம் என்று அக்காலத்தில் ஒதுக்கப்பட்டவர். இருவரும் நெருங்கிய நண்பர்கள்.

மாறனேரி நம்பி இறந்ததும், தன் கையாலேயே அவருக்கு இறுதிச் சடங்கு செய்தார் பெரிய நம்பி. ஊரார் கொதித்துப் போனார்கள். பெரிய நம்பியைத் தள்ளி வைத்தார்கள். அவர் கலங்கவில்லை.

இது நடந்தது 11ஆம் நூற்றாண்டில். அப்போது ஸ்ரீரங்கத்தில் இருந்த ராமானுஜர், பெரிய நம்பியின் சீடர். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று குருவிடம் கேட்டார்.

சீதையைக் காப்பாற்றப் போராடி உயிர்விட்ட பறவை ஜடாயு. அதற்கு மகனைப் போல இறுதிச் சடங்கு செய்தவர் ராமர். தான் ராமரைவிட உயர்ந்தவனும் இல்லை, மாறனேரி நம்பி ஜடாயுவைவிடத் தாழ்ந்தவரும் இல்லை என்றார் பெரிய நம்பி.

ராமானுஜர் மகிழ்ந்தார். இந்தப் பதிலை ஊரே கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் அப்படிக் கேட்டாராம்!

ராமாயணம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அதன்படி நடக்கத் துணிந்தவர் பெரிய நம்பி. 'அவனோடு சேராதே' என்று யாராவது சொன்னால், அவரை நினைத்துக்கொள்ளுங்கள், குட்டீஸ்!