ரயில் போன பாதையில் சைக்கிள் சவாரி!

குட்டி நண்பர்களே, உங்களில் எத்தனை பேருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். அட, எல்லோரும் தூக்கிவிட்டீர்களே! சரி, அதே சைக்கிளில் பக்கத்து ஊர் வரை தனியாகப் போய் வர வீட்டில் விடுவார்களா? பாதிக் கைகள் மெல்லக் கீழே இறங்கியிருக்குமே! லாரி வரும், பஸ் வரும், ஹாரன் அடித்துக்கொண்டு கார் வரும். அம்மாவுக்குப் பயம். அந்தப் பயம் நியாயமானதும்கூட.

இத்தாலி நாட்டில் ஒரு கடற்கரை இருக்கிறது. அங்கே எட்டு வயதுப் பிள்ளைகூட எட்டு ஊர்களைச் சைக்கிளிலேயே தாண்டலாம். மொத்தம் 24 கிலோமீட்டர். வழி நெடுக ஒரு கார் கிடையாது, ஒரு லாரி கிடையாது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கடல். நடுவில் நீங்களும் உங்கள் சைக்கிளும்தான்!

இத்தாலியின் வரைபடத்தை எடுத்து, இடது பக்க மேல் மூலையைப் பாருங்கள். பிரான்ஸ் எல்லையை ஒட்டி, பிறை நிலா மாதிரி வளைந்த ஒரு மாநிலம் தெரியும். அதன் பெயர் லிகூரியா. அங்கே மலைகள் நேராகக் கடலுக்குள் இறங்குகின்றன. உங்கள் கையை விரித்து மேஜைமேல் வையுங்கள். விரல்கள்தான் மலைகள், மேஜைதான் கடல். விரல்களுக்கு நடுவே இருக்கும் இடுக்குகளில் குட்டிக் குட்டி மீனவ ஊர்கள். இந்த இடுக்கிலிருந்து அடுத்த இடுக்குக்குப் போக வேண்டுமானால் மேடு ஏறி இறங்க வேண்டும். இல்லையென்றால் மலையின் மூக்கைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் சின்னப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்ட முடியுமா?

முன்பெல்லாம் முடியாது. அங்கே சைக்கிள் என்றாலே பெரிய வீரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். 1907-ல் தொடங்கிய ஒரு சைக்கிள் பந்தயம் இன்றும் மார்ச் மாதத்தில் நடக்கிறது. மிலான் நகரப் பக்கம் கிளம்பி, இந்தக் கடலோரச் சாலை வழியாக சான்ரெமோ நகரத்தில் முடியும். தூரம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அத்தனையும் ஒரே நாளில்! கடைசியில் எல்லோரும் கூட்டமாக வந்து சேர்ந்துவிடுகிறார்களே என்று, 1960-ல் முடிவுக்குச் சற்று முன்னால் போஜ்ஜோ என்ற மேட்டைச் சேர்த்தார்கள். அதுவும் போதாது என்று 1982-ல் சிப்ரெஸ்ஸா என்ற மேட்டையும் சேர்த்தார்கள். பெரியவர்களுக்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதற்காகத் தேடிப் பிடித்த மேடுகள்!

அந்த சிப்ரெஸ்ஸா மேட்டின் காலடியில்தான் இப்போது உங்களைப் போன்ற பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டே பெடல் மிதிக்கிறார்கள். எப்படி? காரணம், ரயில்!

மேடு ஏறத் தெரியாத வண்டி

ரயில் இன்ஜின் பெரிய பலசாலிதான். ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளத்தின்மேல் ஓடுகிறது. இரண்டும் வழவழப்பு. சமதளத்தில் அது ரொம்ப வசதி, ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். மேடு வந்தால்தான் ஆபத்து. பிடிமானம் இல்லாமல் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் சாதாரண ரயில் பாதையில் 100 மீட்டர் தூரம் போனால் ஒரு மீட்டர், மிஞ்சிப்போனால் இரண்டு, மூன்று மீட்டர் உயரம்தான் ஏறுவார்கள். போஜ்ஜோ மேட்டில் சைக்கிள் வீரர்கள் ஏறுவது 100 மீட்டருக்குச் சராசரியாக 4 மீட்டர்.

ஆகவே, லிகூரியாவில் ரயில் பாதை போட வந்த பொறியாளர்கள் மலைமேல் ஏறவில்லை. கடலை ஒட்டியே தண்டவாளத்தைப் போட்டார்கள். மலையின் மூக்கு குறுக்கே வந்தால் அதைக் குடைந்து குகை அமைத்தார்கள். 1872-ல் இந்தப் பாதையில் ரயில் ஓட ஆரம்பித்தது. ஜெனோவா நகரத்திலிருந்து பிரான்ஸ் எல்லை வரைக்கும் ரயிலிலேயே போகலாம் என்றானது. குளிர் தாங்காத பணக்காரர்கள் ஐரோப்பா முழுவதிலிருந்தும் இங்கே வந்து பங்களா கட்டினார்கள். மலைச்சரிவில் விளைந்த பூக்களெல்லாம் ரயிலேறி ஊர் ஊராகப் போயின. இந்தக் கரைக்கே ‘பூக்களின் கடற்கரை’ என்றுதான் பெயர்.

ஆனால் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரே ஒரு ரயில் வந்தால் இந்த ரயில் காத்துக் கிடக்க வேண்டும். வளைவுகளோ ஏராளம், வேகமாகப் போக முடியாது. இன்னொரு தண்டவாளம் போடலாம் என்றால் இடம் ஏது? இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் அலைகள். கடைசியில் மலைக்குள்ளேயே நீளமான குகைகள் தோண்டி, இரட்டைத் தண்டவாளம் போட்டார்கள். 2001-ல் ரயில்கள் அங்கே மாறிவிட்டன. 129 வருடம் கடலோரம் ஓடிய ரயில் ஒரே நாளில் காணாமல் போனது!

இதில் எல்லோருக்கும் லாபம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். சான் லொரென்சோ, சான்டோ ஸ்டெஃபானோ, ஓஸ்பெடலெட்டி ஆகிய சின்ன ஊர்களின் ரயில் நிலையங்கள் மூடப்பட்டன. அந்த ஊர்ப் பிள்ளைகள் இப்போது ரயில் பிடிக்க வேண்டுமென்றால் வேறு ஊருக்குப் போக வேண்டும். சான்ரெமோவின் புது ரயில் நிலையம் மலைக்கு அடியில் இருக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே போன இடத்தில் இப்போது குகைச் சுவரைத்தான் பார்க்க முடியும்.

சரி, தண்டவாளம் போனபின் கடலோரம் நீளமாக ஒரு காலி இடம் கிடைத்ததே, அதை என்ன செய்வது? கார்களுக்கு இன்னொரு சாலை போட்டிருக்கலாம். கார் நிறுத்தும் இடமாக்கியிருக்கலாம். பக்கத்துச் சாலையில் நெரிசல் அதிகம் என்பதால் அப்படி ஆசைப்பட்டாலும் தப்பில்லை. ஆனால் அந்த இடத்தைச் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் கொடுப்பது என்று முடிவானது. 2008-ல் முதல் பகுதிகள் திறந்தன. பிறகு துண்டு துண்டாக நீண்டு 24 கிலோமீட்டர் ஆனது. ரயிலுக்காகப் போட்ட பாதை அல்லவா? அதனால் மேடே கிடையாது! கியர் இல்லாத சைக்கிளே போதும்.

கிளம்பலாமா?

சான் லொரென்சோவிலிருந்து மேற்கே போனால் கடல் எப்போதும் உங்கள் இடது கைப்பக்கம். வலது பக்கம் மலைச்சரிவைப் படிக்கட்டு மாதிரி வெட்டி, சாந்து பூசாமல் கல்லை அடுக்கிச் சுவர் கட்டி, ஆலிவ் மரங்கள் வளர்க்கிறார்கள். வழியில் வரும் தாஜ்ஜா என்ற ஊரின் பெயரையே இங்குள்ள ஆலிவ் வகைக்கும் வைத்திருக்கிறார்கள். உருவத்தில் ரொம்பச் சின்னது, சுவையில் பெயர் போனது.

அடுத்து வரும் சான்டோ ஸ்டெஃபானோவும் ரிவா லிகுரேயும் பழைய மீனவ ஊர்கள். இந்தக் கடலில் கிடைக்கும் ஒரு மீனைப் பார்த்தால் ‘அட, நம்ம நெத்திலி!’ என்பீர்கள். ஆமாம், நெத்திலியின் உறவுதான். அங்கே அதை உப்பில் அடுக்கி மாதக்கணக்கில் பத்திரப்படுத்துவார்கள். கரையில் கல்லால் கட்டிய கோபுரங்களும் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் கடற்கொள்ளைக்காரர்கள் வருகிறார்களா என்று அங்கிருந்துதான் கண்காணித்தார்கள். கப்பல் தெரிந்ததோ இல்லையோ, கோபுரத்துக்குக் கோபுரம் தகவல் பறக்கும்!

இப்போது அந்தக் கடலில் கொள்ளைக்காரர்கள் இல்லை, திமிங்கிலங்கள் இருக்கின்றன. இத்தாலி, பிரான்ஸ், மொனாக்கோ ஆகிய மூன்று நாடுகளும் 1999-ல் ஒப்பந்தம் போட்டு, இந்தக் கடல் பகுதியைத் திமிங்கிலங்களுக்கும் டால்பின்களுக்கும் பாதுகாப்பான இடமாக அறிவித்தன. நீலத் திமிங்கிலத்துக்கு அடுத்தபடி உலகிலேயே பெரிய உயிரினமான ஃபின் திமிங்கிலம் இங்கே வருகிறது. கரையிலிருந்து பார்த்தால் தெரியுமா என்று கேட்காதீர்கள், அதற்குப் படகில் ஆழ்கடலுக்குப் போக வேண்டும்.

சான்ரெமோ நெருங்கும்போது மேலே மலையில் புஸ்ஸானா என்ற பழைய ஊர் இருக்கிறது. 1887-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி காலையில் வந்த பூகம்பத்தில் அந்த ஊர் இடிந்தது. உயிர் பிழைத்தவர்கள் கீழே கடலுக்குப் பக்கத்தில் புது புஸ்ஸானாவைக் கட்டிக்கொண்டார்கள். பல்லாண்டுகள் கழித்து, யாருமில்லாத அந்த இடிபாடுகளுக்குள் ஓவியர்களும் சிற்பிகளும் குடிவந்தார்கள். இன்றும் கூரை இல்லாத தேவாலயம் அப்படியே நிற்கிறது. ஆனால் அங்கே போக மேடு ஏற வேண்டும். ரயில் பாதையின் சலுகை அங்கே செல்லாது!

நோபலும் ஒரு பூனையும்

சான்ரெமோவில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது.

முதலாமவர் ஆல்ஃபிரட் நோபல். டைனமைட்டைக் கண்டுபிடித்தவர், நோபல் பரிசுக்காகத் தன் சொத்தை எழுதி வைத்தவர். கடைசிக் காலத்தில் அவர் வசித்த பங்களா இங்கேதான் இருக்கிறது. தோட்டத்திலேயே ஆராய்ச்சிக்கூடம் வைத்திருந்தார். 1896-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி இந்த வீட்டில்தான் இறந்தார். ஒவ்வோர் ஆண்டும் அதே டிசம்பர் 10-ல் நோபல் பரிசு வழங்குவது அதனால்தான். விழா மேடையை அலங்கரிக்க சான்ரெமோவிலிருந்து பல வருடங்கள் பூக்கள் போயிருக்கின்றன.

இரண்டாமவர் எட்வர்ட் லியர். ஆங்கிலத்தில் குழந்தைகளுக்காக அர்த்தமே இல்லாத வேடிக்கைப் பாட்டுகள் எழுதிச் சிரிக்க வைத்தவர். ஓவியரும்கூட. 1873 முதல் 1875 வரை இந்தியாவைச் சுற்றினார். சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும்கூட வந்து படம் வரைந்திருக்கிறார்! சான்ரெமோவில் அவர் வீட்டுக்கு எதிரே ஒரு பெரிய ஓட்டல் முளைத்து, கடலை மறைத்துவிட்டது. கோபம் வந்த லியர் வேறு இடத்தில் புது வீடு கட்டினார். அறைகளெல்லாம் பழைய வீட்டில் இருந்த மாதிரியே இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். எதற்கு? அவர் வளர்த்த ஃபாஸ் என்ற பூனை வழி தெரியாமல் குழம்பக் கூடாதாம்! இந்தக் கதையில் எவ்வளவு நிஜமோ, ஆனால் லியருக்கு அந்தப் பூனைமேல் உயிர் என்பது உண்மை.

இந்தப் பாதையில் பெரிய வீரர்களும் ஒருமுறை ஓட்டியிருக்கிறார்கள். 2015-ல் ‘ஜிரோ தி இத்தாலியா’ என்ற புகழ்பெற்ற பந்தயம் இங்கேதான் தொடங்கியது. சான் லொரென்சோவிலிருந்து சான்ரெமோ வரை 17.6 கிலோமீட்டர். வென்ற அணி 20 நிமிடத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது! நாம் போனால் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஐஸ்கிரீம் கடையில் நின்றால் இன்னும் அரை மணி கூடும்.

சான்ரெமோவைத் தாண்டியதும் குளுகுளுவென்று ஒரு குகை. நீளம் ஒன்றே முக்கால் கிலோமீட்டர்! வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே சட்டைக்குமேல் சட்டை தேவைப்படும். பயப்படாதீர்கள், விளக்குகள் உண்டு. மிலான் - சான்ரெமோ பந்தயத்தின் வரலாற்றையும் உள்ளே எழுதி வைத்திருக்கிறார்கள். படித்துக்கொண்டே போகலாம், ஆனால் எதிரே வருபவர்மேல் மோதாமல்!

குகை முடிந்தால் கண் கூசும் வெளிச்சத்தில் ஓஸ்பெடலெட்டி. ஒரு வேடிக்கை பாருங்கள், கார் இல்லாத இந்தப் பாதை வந்து முடியும் இதே ஊரின் தெருக்களில்தான் 1947 முதல் கார் பந்தயம் நடந்தது. உலகப் புகழ்பெற்ற ஃபாங்கியோ 1949-லும் 1950-லும் இங்கே ஜெயித்திருக்கிறார். பிற்பாடு மோட்டார் பைக் பந்தயங்கள் 1972 வரை நடந்தன.

பாதை இந்த 24 கிலோமீட்டரோடு நிற்கப்போவதில்லை. 2016-ல் சான் லொரென்சோவுக்குக் கிழக்கே உள்ள ரயில் பாதையையும் மலைக்குள் மாற்றிவிட்டார்கள். அங்கிருக்கும் இம்பீரியா நகரமும் தன் பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கத் தொடங்கிவிட்டது. ஆக, ஓஸ்பெடலெட்டியில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புங்கள். இப்போது கடல் வலது கைப்பக்கம்.