தள்ளும் விசை, இழுக்கும் விசை
டர்போ என்ஜினின் உள்ளுறுப்புகள்: பகுதி 6

வடிவமைத்தவர்கள் எண்ணியதைப் போல் இரண்டு மூன்று மடங்கு திறனை ஒரு டர்போ என்ஜினிலிருந்து பெற முனைவோர், சென்ற பகுதியில் விளக்கப்பட்ட பிஸ்டனுக்கு அடுத்தபடியாக முடிவு செய்ய வேண்டிய உறுப்பு கனெக்டிங் ராடு ஆகும். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைக் கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியாக மாற்றித் தரும் இந்தத் தண்டை, விற்பவர்கள் பெரும்பாலும் "800 குதிரைத்திறன் தாங்கும்", "1,000 குதிரைத்திறன் தாங்கும்" என்று ஒற்றை எண்ணால் குறிப்பிடுகின்றனர். அந்தத் திறன் நிமிடத்துக்கு எத்தனை சுற்றில், எவ்வளவு பூஸ்ட் அழுத்தத்தில் பிறக்கிறது என்பதைச் சொல்லாத வரையில் அந்த எண்ணால் பயன் அதிகமில்லை. ஏனெனில் ராடின் மீது விழுவது விசை, அதுவும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு விசைகள்.

முதலாவது, எரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளும்போது ராடை நசுக்க முயலும் அமுக்கவிசை. இரண்டாவது, மேலேறி வந்த பிஸ்டன் உச்சியில் நின்று திரும்பும்போது, தன் நிலைமத்தால், அதாவது சென்ற திசையிலேயே தொடர்ந்து செல்ல முயலும் இயல்பால், ராடைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும் இழுவிசை. டர்போவின் பூஸ்ட் உயர உயர முதல் விசை வளர்கிறது. இரண்டாவதை வளர்ப்பது சுழற்சி வேகம், அதுவும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப.

எண்களால் பார்ப்பதற்கு, உலகெங்கும் இத்தகைய ஆக்கங்களுக்குப் பெயர்பெற்ற டொயோட்டாவின் 2ஜேஇசட்-ஜிடிஇ என்ஜினை எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானில் 1991ஆம் ஆண்டு அரிஸ்டோ காரிலும், 1993இல் சுப்ராவிலும் வந்த இந்த ஆறு சிலிண்டர் என்ஜினில் சிலிண்டரின் விட்டமும் பிஸ்டனின் ஓட்டமும் 86 மில்லிமீட்டர்தான். ராடின் நீளம், இரு துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு, 142 மில்லிமீட்டர். சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் 120 பார் என்று கொண்டால் பிஸ்டனின் தலைமீது விழும் விசை ஏறத்தாழ 70 கிலோ நியூட்டன், அதாவது 7 டன் எடைக்கு ஈடானது. பிஸ்டன், கட்ஜன் பின், ரிங்குகள், ராடின் மேற்பகுதி ஆகியவற்றின் நிறையைச் சேர்த்து 600 கிராம் என்று கொண்டால், 8,000 சுற்றில் உச்சிப் புள்ளியில் எழும் இழுவிசை சுமார் 24 கிலோ நியூட்டன். 4,000 சுற்றில் அது நான்கில் ஒரு பங்காகக் குறைந்து 6 கிலோ நியூட்டனாகிவிடும்.

இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது எளிதில் கவனத்துக்கு வராத ஓர் உண்மை தெரிகிறது. எரிதல் நிகழும் உச்சிப் புள்ளியில் வாயு கீழே தள்ள, நிலைமம் மேலே இழுப்பதால், ராடின் மீது எஞ்சுவது இரண்டின் வேறுபாடே ஆகும். ஆகவே அதே 120 பார் அழுத்தம் 8,000 சுற்றில் வந்தால் ராடு தாங்க வேண்டியது 46 கிலோ நியூட்டன். 4,000 சுற்றில் வந்தால் 64 கிலோ நியூட்டன். மேலும் திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது என்பதால், 700 குதிரைத்திறனை 7,000 சுற்றில் எடுக்க ஏறக்குறைய 700 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். அதே திறனை 4,500 சுற்றில் எடுக்க 1,100 நியூட்டன் மீட்டர் வேண்டும், சிலிண்டர் அழுத்தமும் அதற்கேற்ப உயர்ந்தாக வேண்டும். விரைவில் விழித்துக்கொள்ளும் சிறிய டர்போவைப் பூட்டிக் குறைந்த சுற்றிலேயே முழு பூஸ்டையும் ஏற்றும் என்ஜின், மெதுவாக எழும் பெரிய டர்போவைக் கொண்டு அதே திறனை மேல் சுற்றில் தரும் என்ஜினைவிட ராடுகளை வளைத்துவிடும் வாய்ப்பு மிகுந்தது. இதனுடன் நாக்கிங்கும், அதாவது எரிபொருள் கலவை கட்டுமீறித் தானே வெடித்தெரிவதும், சேர்ந்தால் அழுத்தம் கணக்கிட்ட எல்லையைக் கணநேரத்தில் தாண்டிவிடும். அந்த நிலையை முன்னிட்டு ராடை மேலும் தடிப்பாக்குவதைவிட, எரிபொருளையும் தீப்பொறியின் நேரத்தையும் சீர்செய்வதே முறையான வழி.

இழுவிசையின் கொடுமை வேறிடத்தில் வெளிப்படுகிறது. நான்கு வீச்சு என்ஜினில் புகை வெளியேறி முடியும் உச்சிப் புள்ளியில் வால்வுகள் திறந்திருப்பதால் பிஸ்டனை எதிர்த்து நிறுத்த வாயு அழுத்தம் இல்லை. முழு இழுப்பையும் ராடும், அதன் கீழ்முனை மூடியைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளும் மட்டுமே ஏற்கின்றன. நான்காம் கியருக்குப் பதிலாகத் தவறி இரண்டாம் கியரில் விழுந்து சுற்று எகிறும்போது, பூஸ்ட் துளியும் இல்லாத நிலையிலேயே ராடு அறுந்து பிளாக்கைத் துளைப்பதற்கு இதுவே காரணம். நிசானின் ஆர்பி26 என்ஜினும் இதே 86 மில்லிமீட்டர் விட்டம் கொண்டதாயினும், அதன் ஓட்டம் 73.7 மில்லிமீட்டர் மட்டுமே; ராடு 121.5 மில்லிமீட்டர். ஆகையால் அதே நிறையுள்ள பிஸ்டனுக்கு அதே சுற்றில் இழுவிசை 14 விழுக்காடு குறைகிறது. ஒன்றுக்கு ஏற்ற ராடு மற்றொன்றுக்கும் ஏற்றதாகும் என்று திறனை மட்டும் கொண்டு சொல்ல இயலாது.

இனி வடிவம். தண்டின் குறுக்குவெட்டு ஐ வடிவில் இருப்பது நல்லதா, எச் வடிவில் இருப்பது நல்லதா என்ற விவாதம் என்ஜின் கட்டுவோரிடையே நெடுங்காலமாக நடந்து வருகிறது. அமுக்கப்படும் தண்டு நசுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் வளைந்து நொடிந்துவிடும் என்பதை 18ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஆய்லர் கணக்கிட்டுக் காட்டினார். ராடு ஆடும் தளத்தில் அதன் இரு முனைகளும் கீல் போலத் திரும்பக்கூடியவை. கிராங்க் ஷாஃப்டின் நீளவாட்டில் அமைந்த தளத்திலோ முனைகள் இறுகப் பிடிக்கப்பட்டவை. முனைகள் இறுகிய தண்டு நான்கு மடங்கு சுமை தாங்கும் என்பதால், ஆடும் தளத்தில் குறுக்குவெட்டின் விறைப்பு மற்றதைப் போல் நான்கு மடங்கு இருந்தால் இரு பக்கமும் சமவலிமை கிட்டும். ராடு குட்டையானது என்பதால் ஆய்லரின் சூத்திரம் அப்படியே பொருந்தாது என்றாலும், பாடநூல்கள் ஐ வடிவத்தைப் பரிந்துரைப்பதற்கு இதுவே அடிப்படை. அமெரிக்காவில் ஃபிரெட் கரில்லோ பரவச் செய்த எச் வடிவமோ, கடைந்தெடுக்க எளியதாகவும் எடை குறைந்ததாகவும் இருந்ததால் பந்தயங்களில் நிலைபெற்றது. குறைந்த சுற்றில் கடும் பூஸ்ட் ஏற்றுவோருக்குத் தடித்த ஐ வடிவம் சற்றே பொருத்தமானது. மற்றபடி, நல்ல எஃகில் செம்மையாகச் செய்த எச் ராடு, மட்டமாகச் செய்த ஐ ராடைவிட எந்நாளும் மேலானது.

எஃகைப் பொறுத்தவரை, நிக்கலும் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த 4340 என்ற வகையே பெரும்பாலான ராடுகளுக்கு அடிப்படை. நம் பட்டறைகளில் இஎன்24 என்று வழங்கும் எஃகு அதன் நெருங்கிய உறவு. 4340 எஃகோடு சிலிக்கானும் வனேடியமும் கூட்டி, வெற்றிடத்தில் மறுபடி உருக்கிச் செய்யப்படும் 300எம் எஃகு விமானங்களின் தரையிறங்கு சக்கரத் தாங்கிகளுக்குப் பயன்படுவது. அதன் விலைக்குரிய பயன் மிக உயர்ந்த சுமைகளில்தான் கிடைக்கும். டைட்டானியத்தின் அடர்த்தி எஃகில் பாதியைவிடச் சற்றே அதிகம் என்பதால் அது இழுவிசையைக் குறைக்கிறது. ஹோண்டா 1990இல் என்எஸ்எக்ஸ் காரில் அதைப் பயன்படுத்தியது. ஆனால் விறைப்பும் ஏறத்தாழ பாதியே என்பதால், அமுக்கமே பெருஞ்சுமையாக உள்ள டர்போ ஆக்கத்தில் அது முதல் தேர்வாக இயலாது. அலுமினியம் நேர்கோட்டு டிராக் பந்தயங்களுக்கு உரியது. எஃகுக்கு இருப்பது போல், இந்த அளவுக்குக் கீழே எத்தனை முறை சுமையேற்றினாலும் விரிசல் வராது என்னும் சோர்வு எல்லை அதற்கு இல்லாததால், நாள்தோறும் சாலையில் ஓடும் வண்டிக்கு ஆகாது.

தண்டைப் பற்றி இவ்வளவு பேசினாலும், ராடின் உயிர் இருப்பது கீழ்முனையிலும் போல்ட்டிலும்தான். இழுவிசை உச்சத்தை எட்டும்போது கீழ்முனையின் வட்டத் துளை மேலும் கீழும் நீண்டு, மூடி சேரும் இடத்தில் பக்கவாட்டாக உள்ளொடுங்குகிறது. அவ்விடத்தில் எண்ணெய்ப் படலம் வழிக்கப்பட்டு பேரிங் ஷெல் கிராங்க் பின்னைக் கவ்விக்கொள்கிறது. ஆகவே புதிய போல்ட்டுகளை வாங்கிய பின், அவற்றைக் கொண்டே மூடியை முழு இறுக்கத்தில் பூட்டி, துளையை ஹோனிங் செய்து, டயல் போர் கேஜால் பல திசைகளில் அளந்த பிறகே ராடைப் பொருத்த வேண்டும். பழைய ராடில் வலுவான போல்ட்டை மாற்றிவிட்டு இந்த வேலையைத் தவிர்ப்பது, காசையும் என்ஜினையும் ஒருசேர இழக்கும் வழி.

போல்ட்டின் வேலை முன்கூட்டியே இழுபட்டு நிற்பது. அதன் முன்னிறுக்கம் என்ஜின் தரும் இழுவிசையைவிட மிகுந்திருக்கும் வரை மூடி அசையாது, போல்ட்டும் ஒவ்வொரு சுற்றின் ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக உணராது. குறைந்துவிட்டால் இணைப்பு ஒவ்வொரு சுற்றிலும் நூலளவு திறந்து மூடி, உலோகச் சோர்வால் போல்ட் அறும். டார்க் ரெஞ்சில் காட்டும் அளவை மட்டும் நம்பினால் இந்த முன்னிறுக்கம் உறுதியாகாது. திருகும் உழைப்பில் பெரும்பகுதி மறையின் உராய்விலும் தலையடி உராய்விலும் செலவாகி, பத்தில் ஒரு பங்களவே போல்ட்டை நீட்டுகிறது, மசகு மாறினால் அந்தப் பங்கும் மாறிவிடும். எனவே தேர்ந்தோர் ஒவ்வொரு போல்ட்டின் தளர்நிலை நீளத்தையும் குறித்து வைத்து, இறுக்கியபின் தயாரிப்பாளர் சொன்ன அளவு நீண்டிருக்கிறதா என்று ஸ்ட்ரெச் கேஜால் பார்க்கின்றனர். என்ஜினைப் பிரிக்கும் போதெல்லாம் தளர்த்தி மறுபடி அளந்து, குறித்த நீளத்தைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மில்லிமீட்டர், நிலையாக நீண்டுவிட்ட போல்ட்டை, மறை எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும், மறுபடி பூட்டாமல் விலக்கிவிடுகின்றனர்.